சத்தம் போடாத புகார்

குடிநீர் அலுவலகத்தின் புகார் மேசையில் உட்கார்ந்திருப்பவரைச் சொந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. நேரில் ‘பார்க்கலாம் சார்’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அந்தச் சாரும் உதிர்ந்துவிடும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் பார்க்கலாம், வரும் தண்ணீர் நாறுகிறது என்றாலும் பார்க்கலாம், குழாய் உடைந்து தெருவே குளமாகிவிட்டது என்றாலும் பார்க்கலாம். பத்தொன்பது வருடமாக அதைச் சொல்லிவருகிறார். எழுந்து போய் எதையும் பார்த்ததாகத்தான் தகவல் இல்லை.

அவரைச் சோம்பேறி என்று எண்ணிவிடக் கூடாது. சோம்பேறியாக இருந்திருந்தால் கேடு இவ்வளவு இருந்திருக்காது. சோம்பேறிக்குத் தான் வேலை செய்யவில்லை என்பதாவது உள்ளுக்குள் தெரியும். இவரிடம் ஒரு முறை இருந்தது. முறை கைவசம் உள்ளவனுக்கு உறுத்தல் என்பதே வராது.

மேசைமேல் இரண்டு மரத்தட்டுகள். புகார் சொல்ல வருகிறவரின் பெயர், வீட்டு எண், குறை எல்லாவற்றையும் முத்து முத்தாக ஒரு சீட்டில் எழுதி இடது தட்டில் போடுவார். அதே ஆள் மறுபடி வந்தால் சீட்டின் மூலையில் ஒரு கோடு. மூன்றாம் முறையும் வந்து நின்றால்தான் சீட்டு வலது தட்டுக்குப் போகும். அங்கிருந்துதான் குழாய் ஃபிட்டர் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். மூன்றாம் முறை வராதவர்களின் சீட்டுகளை மாதக் கடைசியில் நூல் போட்டுக் கட்டி, மேலே ‘தானாகச் சரியானவை’ என்று எழுதி அலமாரியில் வைத்துவிடுவார்.

“அவசரம்னு சொல்லாத ஆளை எனக்கு ஒருத்தரைக் காட்டுங்க” என்பார், புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம். “எல்லாருக்கும் அவசரம். அத்தனை பேருக்கும் ஓடினா கால்தான் தேயும். விட்டுப் பாருங்க, பத்துல எட்டு தானா அடங்கும்.”

பத்தில் எட்டு அடங்கியது உண்மை. அடங்கியவர்களில் பாதிப் பேர் அடுத்த தெருவிலிருந்து குடத்தில் சுமந்து பழகிக்கொண்டார்கள். சிலர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் முறை வந்தபோதே படி ஏற முடியாமல் மூச்சு வாங்கிய ஒரு கிழவர் செத்தே போனார். இடது தட்டில் இவர்கள் எல்லாரும் ஒரே அளவுச் சீட்டுதான். தொல்லை தீர்ந்ததற்கும் தொல்லையைச் சொல்ல ஆள் இல்லாமல் போனதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நாற்காலியை விட்டு எழ வேண்டும். அந்த ஒரு செலவுக்கு மட்டும் அவருடைய முறையில் இடம் இருக்கவில்லை.

மேலதிகாரிகளுக்கு இந்த முறை மிகவும் பிடித்துப்போயிற்று. தீர்ந்த புகார்களின் எண்ணிக்கையில் அந்த அலுவலகம் முதலிடம் என்று ஒரு வருடம் பாராட்டுப் பத்திரம்கூட வந்தது. அன்றைக்கு டீ குடித்துக்கொண்டிருந்த ஃபிட்டர் மட்டும் ஒன்று சொன்னார்:

“கத்துறவனுக்குத் தொண்டையில ஈரம் இருக்கு சார். அதுவும் காஞ்சவன் எங்க இங்க வந்து கத்தப்போறான்?”

“உனக்கு வேலை குறைச்சு வச்சிருக்கேன். வாயைக் குறை” என்று பார்க்கலாம் பதில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். ஃபிட்டரும் சிரித்தார். வேலை குறைந்தது அவருக்கும் வசதிதான்.

நாற்பது வயதில் கல்யாணம். மனைவி ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனியில் கடைசிச் சோதனை மேசையில் நிற்பவள். மூட்டைக்குள் போகும் முன் ஒவ்வொரு சட்டையையும் விரித்து, நூல் தொங்குகிறதா, பொத்தான் ஆடுகிறதா என்று தடவிப் பார்ப்பது அவள் வேலை. வீட்டிலும் அவள் கை எதையாவது தடவிப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். இப்படி ஒருத்திக்கும் அப்படி ஒருவருக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்து, இரண்டு வயது நிறைந்து, வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தது.

குழந்தைக்கு ஏழாம் மாதத்தில் முதல் காய்ச்சல் வந்தபோது தாய்க்காரி யாரையும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, சாதாரண சளி, பால் குடிக்கிறது, சிரிக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்தார். பார்க்கலாம் அந்தச் சம்பவத்தை ஒன்றரை வருடம் வைத்துச் சாப்பிட்டார்.

“ஓடினியே, என்ன சொன்னாங்க? ஒண்ணுமில்லைன்னுதானே சொன்னாங்க? அதை நான் வீட்லயே சொன்னேன்.”

ஒன்றுமில்லை என்பது ஒரு பதில், அதைத் தெரிந்தவர் வாயால் கேட்டுக்கொள்ளத்தான் அவள் போனாள் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. வீணாகப் போன ஒரு நடை என்றே அதைக் கணக்கு வைத்தார். சொல்லிச் சொல்லி அவளையும் அப்படி நம்ப வைத்தார். அதற்குப் பிறகு குழந்தைக்கு எது வந்தாலும் அவள் முதலில் அவர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். சட்டையில் ஒரு பொத்தான் ஆடினாலே மூட்டை கட்டுகிறவர் கையைப் பிடித்து நிறுத்தும் பெண், தன் பிள்ளை விஷயத்தில் தன் கையை நம்பாமல் போனாள். பார்க்கலாம் தன் வாழ்நாளில் சாதித்தவற்றில் பெரியது இதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழந்தைக்கு உடம்பு சுட்டது. சனிக்கிழமை முழுக்க ஒரே அழுகை. குடித்த பாலை இரண்டு முறை வாந்தி எடுத்தது, இரண்டு மூன்று தடவை வயிற்றாலும் போயிற்று. அவள் லீவு போட்டுவிட்டு மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் கேட்டாள்.

“ஏங்க, ஒரு எட்டு காட்டிட்டு வந்துடலாமா?”

“இப்படிக் கத்துறாளே, நோயாளி கத்துற கத்தலா இது? தெம்பு இருக்கு. நாளைக்குப் பார்க்கலாம்.”

இதில் ஒரு துளி நியாயம் இருந்தது. கத்துகிற பிள்ளைக்குக் கத்தத் தெம்பு இருக்கிறது என்பது சரிதான். அப்படியானால் கத்தாமல் போனால் என்ன அர்த்தம் என்று அந்தக் கணக்கை அடுத்த வரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். அவர் முதல் வரியிலேயே கோடு கிழித்துக் கூட்டுத்தொகை எழுதிவிட்டார்.

சனி இரவு குழந்தை கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கியது. ஞாயிறு காலை ஆறரைக்கு அவள் வேலைக்குப் போயே ஆக வேண்டும். சரக்கு கப்பலேறும் வாரம் என்றால் கம்பெனிக்கு ஞாயிறு கிடையாது. அவருக்கு விடுமுறை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

“அரை மணிக்கொரு தடவை தண்ணி குடுங்க. குடிக்கலைன்னாலோ மறுபடி வாந்தி எடுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க. என் போன் கம்பெனிப் பெட்டியில இருக்கும், பன்னெண்டரைக்குத்தான் கையில வரும். அதுவரைக்கும் எனக்காகக் காத்திருக்காதீங்க.”

“போம்மா, போ. பத்தொன்பது வருஷமா ஊர் அவசரத்தையே பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

அம்மா கிளம்பும்போது காலைக் கட்டிக்கொண்டு வீடே இடிந்து விழுவதுபோல அழுகிற பிள்ளை அது. அன்றைக்குப் பாயில் கிடந்தபடியே கதவைப் பார்த்தது. கதவு மூடியதும் கண்ணையும் மூடிக்கொண்டது. தாய்க்காரி படியில் இறங்கிவிட்டதால் இதைக் கவனிக்கவில்லை. கவனித்தவர் அவர் ஒருவர்தான். ‘பரவாயில்லையே, விவரம் வந்துடுச்சு’ என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

பிறகு முறைப்படி இறங்கினார். காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டார். ஏழு மணி: காய்ச்சல் நூற்றிரண்டு புள்ளி நான்கு. கரண்டியில் அளந்து மருந்து கொடுத்தார். எட்டு மணி: நூற்றொன்று. ஒன்பதரை: நூறு. எண் இறங்க இறங்க அவருடைய கால் ஆடத் தொடங்கியது. நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்தார். இடையில் இரண்டு முறை குழந்தையின் வாயில் தண்ணீர் ஊற்றினார். கடைவாய் வழியாக வெளியே வந்தது. துண்டால் துடைத்துவிட்டு ‘தண்ணீர் கொடுத்தாயிற்று’ என்று எழுதினார். எழுத வேண்டியது கொடுத்ததைத்தானே, குடித்ததையா?

டயப்பரை எட்டு மணிக்குத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. பதினோரு மணிக்கும் காய்ந்திருந்தது. இரவு படுக்கும்போது மாட்டியது. ‘இன்னிக்கு வேலையே வைக்கல மகராசி’ என்று கன்னத்தைத் தட்டினார். குழந்தை இமையைப் பாதி திறந்து எங்கேயோ பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அந்தப் பார்வை அவர்மேல் வந்து நிற்கவில்லை. கட்டத்தில் அதற்கு ஒரு பத்தியும் இல்லை.

பன்னிரண்டரைக்கு மனைவி கூப்பிட்டாள். பின்னால் தையல் இயந்திரங்கள் இரைந்தன.

“எப்படி இருக்கா?”

“தங்கமா இருக்கா. காலையிலேர்ந்து ஒரு சத்தம் இல்ல. காய்ச்சல் நூறுக்கு வந்துடுச்சு.”

“எழுந்து விளையாடினாளா?”

“தூங்குறா. ரெண்டு நாள் தூக்கத்தைச் சேர்த்துத் தூங்குறா.”

“ஒண்ணுக்குப் போனாளா?”

“போயிருப்பா.”

புகார் மேசையில், ஃபிட்டர் வந்தாரா என்று கேட்பவர்களிடம் ‘போயிருப்பாரு’ என்று சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு அது. பொய் சொன்னதாக அவருக்கே தெரியாது. மறுமுனையில் கம்பெனி மணி அடித்தது. “சரிங்க” என்று வைத்துவிட்டாள். நம்பினாள் என்று சொல்ல முடியாது. ஒன்றரை வருடப் பழக்கம் அவள் வாயை அடைத்தது.

ஒரு மணிக்குக் கதவைத் தட்டியது மூன்றாம் மாடியில் குடியிருக்கும் வேன் அக்கா. பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா வேலை அவளுக்கு. பதினொரு வருடமாகத் தினமும் காலையில் முப்பது, மாலையில் முப்பது பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி அவள் தோள் ஒரு பக்கம் இறங்கியே இருக்கும். மேல் வீட்டுக் குழாயில் தண்ணீர் ஏறவில்லை என்று அலுவலகத்துக்கே இரண்டு முறை வந்து போனவள். சீட்டில் ஒரு கோடும் விழுந்திருந்தது.

“சார், இன்னியோட ஒன்பது நாள். நானும் மனுஷிதான், எத்தனை குடம்…”

“ஏம்மா, இது வீடு. ஆபீஸ் நாளைக்குப் பத்து மணிக்குத் திறக்கும். அங்க வந்து சொன்னாத்தான் மூணாவது தடவைன்னு கணக்கு. இங்க வந்து சொல்றது சேராது.”

“உங்க கணக்குல தீயை வைக்க. ஒரே படிக்கட்டுல ஏறி இறங்குறோம், நீங்க கீழ இருக்கீங்க, உங்களுக்குத் தண்ணி வருது…”

பேசிக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள். அவருடைய தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள்.

“பாப்பாவுக்கு என்ன?”

“காய்ச்சல். இறங்கிடுச்சு. தூங்குறா. சத்தம் போட்டு எழுப்பிடாதே.”

“இவ்வளவு நேரம் நான் போட்ட சத்தத்துக்கு எழலையே?”

பதிலுக்கு நிற்காமல் அவள் உள்ளே வந்துவிட்டாள். கதவை மறித்துக் கை நீட்டியவரை ஒரு வேன் கதவைத் தள்ளுவதுபோலத் தள்ளிக்கொண்டு வந்தாள். பாயில் உட்கார்ந்து குழந்தையின் அக்குளில் கைவிட்டுத் தூக்கினாள். தலை பின்னால் சரிந்தது. கைகள் இரண்டும் துணி காயப்போட்டதுபோலத் தொங்கின. உள்ளங்கையால் தலையைத் தாங்கிக்கொண்டு, “கண்ணு… கண்ணம்மா…” என்று கூப்பிட்டாள். பாதத்தைச் சுண்டினாள். காலை லேசாக இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

“இது தூக்கம் இல்ல சார்.”

“நீ என்ன டாக்டரா?”

“வேன்ல தூங்கிப்போற பிள்ளைங்களைத் தினம் தூக்கி இறக்குறவ. தூங்குற பிள்ளையைத் தூக்கினா கழுத்தைப் பிடிச்சுக்கும், இல்ல மூஞ்சியச் சுளிச்சுச் சிணுங்கும், இல்ல நம்ம மேலயே ஒரு உதை விடும். இது என்ன பண்ணிச்சு? ஒண்ணும் பண்ணல. கை காலைத் தொட்டுப் பாருங்க. உடம்பு சுடுது, பாதம் ஜில்லுனு இருக்கு. எப்ப ஒண்ணுக்குப் போச்சு?”

“அது… டயப்பர் காஞ்சுதான் இருக்கு.”

“எப்பலேருந்து?”

“ராத்திரியிலேர்ந்து” என்றார். வாயிலிருந்து வெளியே வந்தபிறகு அந்தச் சொல் அவருக்கே வேறு மாதிரிக் கேட்டது.

“அட கடவுளே! தண்ணி?”

அவர் காலண்டர் தாளை நீட்டினார். “எல்லாம் எழுதி வச்சிருக்கேன். காய்ச்சல் குறைஞ்சுக்கிட்டே…”

அவள் தாளைப் பார்க்கவே இல்லை. குழந்தையைத் தோளில் சாய்த்து, பின்னந்தலையைக் கையால் அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். படியில் அவள் இறங்கும் ஓசை கேட்டது. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லாமல் விடுவதுதான் அவருக்கு மரியாதை. ஆனால் நடந்ததென்னவோ நடந்ததுதான். சட்டையைத் தேடினார். கிடைத்த சட்டை கசங்கியிருந்ததால் வேறு தேடினார். தடுப்பூசி அட்டையை எடுத்தார். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தார். கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். கீழே ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது.

“சார்! நீங்க வரீங்களா, இல்ல தபால்ல வரீங்களா?” என்று வேன் அக்கா கத்தியதில் இரண்டு வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

குழந்தைகள் ஆஸ்பத்திரியின் முன் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கே உரிய கூட்டம். டோக்கன் கொடுக்கும் ஜன்னலில் நீண்ட வரிசை. பார்க்கலாம் நேராகப் போய் வரிசையின் வாலில் நின்றார். வாழ்க்கை முழுவதும் ஜன்னலுக்கு உள்பக்கம் இருந்தவருக்கு, ஜன்னலை மதிக்க வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறியிருந்தது. அவருக்கு முன்னால் பதினான்கு பேர். ஏழெட்டுப் பிள்ளைகள் கூரை பிய்ந்துபோகும்படி அழுதுகொண்டிருந்தன. தன் முறை வர அரை மணி ஆகும் என்று கணித்தார்.

வேன் அக்கா வரிசையைத் திரும்பியும் பார்க்கவில்லை. எதிர்ப்பட்ட நர்ஸின் வழியை மறித்துக்கொண்டு, “எழுப்பினா எழல சிஸ்டர், ராத்திரியிலேர்ந்து ஒண்ணுக்குப் போகல” என்றாள். நர்ஸ் குழந்தையின் விரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தாள். வெளுத்த நகம் சிவப்பாகத் திரும்ப நேரம் எடுத்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். மறுபேச்சுப் பேசாமல் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

வரிசையிலிருந்து ஒரு தகப்பன் சத்தம் போட்டார். “நாங்க ஒரு மணி நேரமா நிக்கிறோம், எங்க பிள்ளை எவ்வளவு அழுவுது பாருங்க!”

“அழுவுதுல்ல? அப்ப கொஞ்சம் நிக்கலாம்” என்றாள் நர்ஸ், திரும்பாமலே.

கேட்டுக்கொண்டிருந்த பார்க்கலாமுக்கு ஏதோ பெரிய முறைகேடு நடப்பதாகத்தான் முதலில் பட்டது. அத்தனை கத்துகிறவர்களையும் உட்கார வைத்துவிட்டு, வாயே திறக்காத ஒன்றை முதலில் எடுத்துப்போகிறார்களே! அந்த ஒன்று தன் மகள் என்பது நினைவுக்கு வந்த பிறகுதான் வரிசையை விட்டு ஓடினார்.

உள்ளே டாக்டரம்மா நிமிராமல் கேள்வி கேட்டார். கடைசியாகக் குடித்தது எப்போது? எப்போதிலிருந்து இப்படித் துவண்டு கிடக்கிறாள்? வாந்தி எத்தனை முறை? காலையில் யாரையாவது அடையாளம் கண்டு பார்த்தாளா?

“ஏறக்குறைய…” என்று ஆரம்பித்தார்.

“இவருக்குத் தெரியாது டாக்டர்” என்றாள் வேன் அக்கா.

அவர் அந்தக் காலண்டர் தாளை மறுபடி நீட்டினார். டாக்டரம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இது மருந்து வேலை செஞ்சதுக்குக் கணக்கு. குழந்தை எப்படி இருக்கான்னு இதுல எங்க இருக்கு? நம்பரு எனக்கு அப்புறம் சார். கூப்பிட்டா முழிச்சுப் பாக்குதா, குடிக்குதா, ஒண்ணுக்குப் போகுதா, அம்மாவைத் தேடுதா. இதுல ஒண்ணு நின்னுபோனாலே கிளம்பிடணும். காய்ச்சல் இறங்கியிருந்தாலும் கிளம்பணும்.”

இதையே வேறு யாராவது சொல்லியிருந்தால் அவரிடம் பதில் இருந்திருக்கும். அதற்குள் இரண்டு நர்ஸ்கள் குழந்தையின் கையை நீட்டிப் பிடித்துவிட்டார்கள். உடம்பில் நீர் வற்றிப்போனதால் நரம்பு கிடைக்கவில்லை. முதல் குத்து. குழந்தை அசையவில்லை. கையை மாற்றி இரண்டாவது. அசையவில்லை. மூன்றாவது ஊசி புறங்கால் நரம்பில் இறங்கும்போது பார்க்கலாம் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தடுப்பூசி போட்ட நாட்களில் ஆஸ்பத்திரியையே அதிரவைத்த பிள்ளை. புருவம்கூடச் சுருங்கவில்லை. அப்போதுதான் அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பயம் அவரிடம் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. காலை ஆறரைக்கே வாசலில் நின்று அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்த பயம்தான் அது.

“பிழைச்சுக்குமா?” என்றார். அந்தக் கேள்வியை அவர் யாரிடமும் எதற்காகவும் கேட்டதில்லை.

“தண்ணி ஏறட்டும்” என்றார் டாக்டரம்மா. “ரத்தம் எடுத்திருக்கு. வேற கிருமி ஏதாவது இருக்கான்னும் பாக்கணும். வெளிய இருங்க.”

வெளியே பெஞ்சில் அவர் உட்கார்ந்தார். வேன் அக்கா நின்றுகொண்டே, எப்படியோ கம்பெனி வாசல் காவலாளியின் எண்ணைக் கண்டுபிடித்து, சோதனை மேசையில் இருப்பவளுக்குச் செய்தி சொல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே போகிறவர்கள் முகத்தையும் வெளியே வருகிறவர்கள் முகத்தையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து போய்க் கதவிடம் நின்றார். நர்ஸ் விரட்டினாள். மறுபடி போய் நின்றார். மறுபடி விரட்டினாள். மூன்றாம் முறை போனபோது விரட்டாமல், “இன்னும் அப்படியேதான் இருக்கு. கூப்பிடுறேன், உக்காருங்க” என்று மட்டும் சொன்னாள். ஒரு வார்த்தை தெரிவதற்காக ஒரு மனிதன் எத்தனை தடவை வேண்டுமானாலும் நடப்பான் என்பது அவருக்கு அன்றைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. பயந்தவன் திருந்திவிட்டான் என்று எழுதுவது எழுதுகிறவனின் ஆசை. பயம் தீர்ந்த மறுநிமிடம் மனிதன் என்ன செய்கிறான் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதுவும் அன்றைக்கே பார்க்கக் கிடைத்தது. நாலரை மணிக்கு நர்ஸ் வெளியே வந்து, “ஒண்ணுக்குப் போயிட்டா. கண்ணைத் திறந்து அம்மாங்குறா” என்றாள். பின்னாலேயே டாக்டரம்மா. ரத்தத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். அவசரத்தில் மத்தியானம் யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அவருக்கு நினைவில்லை போலும். போகிற போக்கில், “இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருந்தா ரொம்பக் கஷ்டம் சார். நல்லவேளை, கொண்டுவந்தீங்க” என்றார்.

பார்க்கலாம் முதுகை நிமிர்த்தினார். பெஞ்சில் குறுகிப்போயிருந்த ஆள் கண்ணெதிரே பழைய அளவுக்கு வளர்ந்தார்.

“அதான் டாக்டர். கொஞ்சம் சோர்வாத் தெரிஞ்சதும் இது சரியில்லைன்னு பட்டுச்சு. இதுல எல்லாம் தாமதிக்கக் கூடாது.”

டாக்டரம்மா தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நடைபாதையின் அந்தக் கோடியில் மனைவி ஓடி வந்துகொண்டிருந்தாள். தோளில் அளவு நாடா தொங்கிக்கொண்டே இருந்தது. எடுத்து வைக்கக்கூட நிற்காமல் வந்திருக்கிறாள். கடைசி வாக்கியம் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். கணவரைப் பார்க்காமல் வேன் அக்காவைப் பார்த்தாள்.

“அக்கா, இவரா கொண்டுவந்தாரு?”

வேன் அக்கா கொஞ்சம் யோசித்தாள். மற்றவர் குடும்பத்தில் கல்லெறிய அவளுக்கு விருப்பமில்லை. பொய் சொல்லவும் வரவில்லை.

“தூக்கிட்டு வந்தது நான். இவரு கதவைப் பூட்டினாரு.”

மனைவி சண்டை போடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அதற்கான பதில்களைச் சேர்த்துக்கொண்டும் இருந்தார்: காய்ச்சல் நூறுதான் இருந்தது, மருந்து கொடுத்தேன், எழுதி வைத்திருக்கிறேன். அவள் சண்டை போடவில்லை. அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த காலண்டர் தாளை எடுத்தாள். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ‘தண்ணீர் கொடுத்தாயிற்று’ என்ற இடத்தில் அவள் விரல் நின்றது. பழுதுள்ள சட்டையை ஒதுக்கும்போது எப்படி இருப்பாளோ, அப்படி இருந்தது முகம். கோபம் என்று சொல்ல முடியாது, சந்தேகம் தீர்ந்த முகம்.

“இனிமே பாப்பா விஷயத்துல உங்களைக் கேக்கமாட்டேன்” என்றாள். “போறேன்னு சொல்லுவேன். வந்தா வாங்க.”

“நான் என்ன வேணும்னா…”

“வேணும்னு செய்யலைன்னு தெரியும். எப்பவுமே எதையும் வேணும்னு செஞ்சது இல்லையே நீங்க.”

ஒருவர்தான் உள்ளே இருக்கலாம் என்றாள் நர்ஸ். யார் என்று யாரும் கேட்கவில்லை. மனைவி அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். ஊசலாடும் கதவு இரண்டு முறை ஆடி நின்றது.

பார்க்கலாம் மூடிய கதவைப் பார்த்தபடி பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

“தள்ளி உக்காருங்க சார்” என்றாள் வேன் அக்கா. “வந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கேன்.”

அவர் தள்ளி உட்கார்ந்தார்.